பேட்டில் ஒலிக்கும் தப்பை அடித்தவர் யார்?

வெள்ளவத்தைக் கல்யாண மண்டபம் ஒன்றில் சனிக்கிழமை இரவு கேட்கும் தப்பு மேளமும், மறுநாள் கொட்டாஞ்சேனைச் சாமத்திய வீடொன்றில் கேட்கும் தப்பும் ஒன்றேதான். அதே தோல், அதே குச்சி, அதே ஒற்றை அடி. எங்கோ ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் யாரோ ஒருவர் எப்போதோ அடித்தது. அது ஒரு வேவ் கோப்பாகி, பென் டிரைவ் விட்டுப் பென் டிரைவ் தாவி, வட்ஸ்அப்பில் சுற்றி, இன்று கொழும்புத் தமிழ் இசைக்குழுக்களின் மின்னணுத் தாளப் பேட்களுக்குள் குடியேறிவிட்டது. குழு மாறுகிறது, பாடகர் மாறுகிறார், மண்டபம் மாறுகிறது. அடி மட்டும் மாறுவதில்லை.

நான் அந்த பேட்டை வாசிக்கிறவன். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்து, வாரநாட்களில் வெள்ளவத்தையில் பிள்ளைகளுக்குத் தாளம் சொல்லிக்கொடுத்து, வார இறுதியில் மேடையேறிச் சோறு தின்கிறவன். என் தொழிலைப் பற்றித்தான் பேசுகிறேன். பேட் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பேட்டுக்குள் எதை வைக்கிறோம், அதை எப்படி வைக்கிறோம், யாரைக் கேட்டு வைக்கிறோம் என்பதைப் பற்றி எங்கள் துறைக்குள்ளும் வெளியிலும் ஒரு பேச்சு நடக்கவேண்டிய காலம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

மேடையோரத்தில் நிற்கும் அந்தக் கறுப்புப் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். றப்பர் பதித்த எட்டோ ஒன்பதோ கட்டங்கள். குச்சியால் தட்டினால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வாத்தியமாகப் பேசும். 1985இல் ரோலண்ட் கம்பனி வெளியிட்ட முதல் ஒக்டபேட்டுக்குச் சொந்தக் குரல் கிடையாது. வேறொரு கருவியோடு வயர் கொடுத்து இணைத்தால்தான் சத்தம் வரும். பிறகு வந்த எஸ்பிடி-20க்குள் 700 ஒலிகள் இருந்தன. இந்தியாவிலும் இங்கேயும் ஒரு தலைமுறை இசைக்குழுக்களைத் தாங்கி நின்றது அந்தப் பெட்டிதான். ஆனால் அதற்குள் இருக்கும் ஒலியைக் கூட்டலாம், குறைக்கலாம், சுருதியை ஏற்றி இறக்கலாமே தவிர, புதிதாக ஒன்றை உள்ளே போட முடியாது. கம்பனிக்காரன் கொடுத்ததுதான் உலகம். 2003இல் எஸ்பிடி-எஸ் வந்தது. 2011இல் எஸ்பிடி-எஸ்எக்ஸ் வந்தது. இவை சாம்பிளர்கள். காதில் விழும் எந்த ஒலியையும் பதிந்து, வெட்டி, கட்டத்தில் உட்காரவைத்துத் தட்டலாம். எஸ்பிடி-எஸ்எக்ஸின் 2 ஜிபி நினைவகத்தில் மோனோவாகப் பதிந்தால் ஏறக்குறைய ஆறு மணித்தியால ஒலி கொள்ளும்.

ஆறு மணித்தியாலம் எவ்வளவு பெரிய சொத்து என்பது பழைய கருவிகளைப் பார்த்தால்தான் விளங்கும். 1981இல் வந்த ஈ-மு நிறுவனத்தின் முதல் இமியுலேட்டர் இரண்டு விநாடி அளவுக்குத்தான் பதியும். அதே நிறுவனத்தின் எஸ்பி-1200, 1987இல் வந்தது. அதன் மொத்தக் கொள்ளளவு பத்து விநாடி. நியூயோர்க்கின் கறுப்பின இளைஞர்கள் 33 சுற்று இசைத்தட்டை 45 வேகத்தில் ஓடவிட்டுப் பதிந்து, பிறகு கருவிக்குள் சுருதியை இறக்கி, அந்தப் பத்து விநாடிக்குள் இடம் மிச்சம் பிடித்தார்கள். ஹிப்ஹொப்பின் பொற்காலத்து இசைத்தட்டுகள் பலவும் அந்தச் சிக்கனத்தில் விளைந்தவை. எங்களிடம் ஆறு மணித்தியாலம் இருக்கிறது. அதில் நாங்கள் நிரப்பி வைத்திருப்பது இரவல் தப்பு, இரவல் தவில், இரவல் உடுக்கு.

யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி பிறந்த மண் இது. தமிழ்நாட்டின் பெரிய நாதஸ்வர வித்துவான்கள் தேடி அழைத்துப் பக்கத்தில் இருத்திக்கொண்ட தவில் அவருடையது. 1975இல் அவர் மறைந்த பின்னும் இணுவில், அளவெட்டிப் பக்கத்தில் தவிலடி ஓய்ந்துவிடவில்லை. மட்டக்களப்பில் வடமோடிக் கூத்துக்கும் தென்மோடிக் கூத்துக்கும் மத்தளம் இன்றைக்கும் பேசுகிறது. மலையகத்தில் காமன் கூத்துக்குத் தப்பு இருக்கிறது. இவ்வளவையும் வைத்துக்கொண்டு, இணையத்தில் யாரோ விற்கும் தொகுப்பை இறக்கி, பெயரைக்கூட மாற்றாமல் அப்படியே தட்டிக்கொண்டிருக்கிறோம். மொரட்டுவையில் எனக்கொரு சிங்கள நண்பர் இருக்கிறார், பைலா குழுவில் வாசிப்பவர். தன் ரபானையையும் யக் பெரவையையும் தானே பதிந்து, தானே வெட்டி வைத்திருக்கிறார். அவர் குழு எந்த மேடையில் இருந்தாலும், கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் அவர்தான் என்று சொல்லிவிடலாம். தமிழ்க் குழுக்களில் அப்படிச் சொல்லக்கூடியவை எத்தனை?

ஜம்பட்டா வீதிப் பக்கம் ஒரு பெரியவர் இருக்கிறார். ஹட்டன் பக்கத் தோட்டமொன்றில் பிறந்தவர். துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்து கொழும்பிலேயே தங்கிவிட்டார். மாசி மாதத்தில் காமன் கூத்துக்கு ஊருக்குப் போய்த் தப்படிப்பதை மட்டும் இன்றுவரை விடவில்லை. எங்கள் பேட்டில் இப்போது இருப்பது அவருடைய தப்பு. அதைப் பதிந்தது அவர் வீட்டு மொட்டை மாடியில், ஒரு ஞாயிறு காலை. ஒரு மைக், ஒரு சிறிய பதிவுக் கருவி, சுவரில் எதிரொலி விழாமல் இருக்க இரண்டு மெத்தைகள். வசதி அவ்வளவுதான்.

மைக்கை வைத்ததும் அவர் அடிக்கத் தொடங்கவில்லை. காட்போட் பெட்டியைக் கிழித்துத் தீ மூட்டி, தப்பைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். தோலில் இருக்கும் ஈரம் போனால்தான் அது இறுகும். இறுகினால்தான் சுருதி ஏறும். விரல் நுனியால் நடுவில் ஒரு தட்டு, விளிம்பில் ஒரு தட்டு. நான் அவசரப்பட்டதைக் கவனித்துவிட்டுச் சொன்னார்: “பொறுங்க தம்பி. தோலு இப்பத்தான் கண்ணு முழிக்குது. இன்னும் பேச ஆரம்பிக்கல.” பேச ஆரம்பித்தபோது சாந்த லூசியா பேராலய மணி அடித்தது. அது ஓய்ந்ததும் காகம். காகம் போனதும் துறைமுகத்தில் கப்பல் ஊதியது. கொழும்பு வடக்கில் அமைதி கிடைப்பது அரிது. கிடைத்த இடைவெளிகளில்தான் பதிந்தோம்.

இடது கையில் நீண்ட மெல்லிய குச்சி, வலது கையில் குட்டையான தடித்த குச்சி. திறந்த அடி, அமுக்கிய அடி, விளிம்படி, இரண்டு குச்சியும் சேர்ந்து விழும் அடி என்று ஒவ்வொன்றையும் மெதுவாக, நடுத்தரமாக, ஓங்கி அடிக்கச் சொன்னேன். ஏன் ஒன்றையே திரும்பத் திரும்ப அடிக்கச் சொல்கிறேன் என்று கேட்டார். மெதுவாக அடித்த தப்பின் ஒலி, ஓங்கி அடித்ததன் சத்தத்தைக் குறைத்த ஒலி கிடையாது. அதன் நிறமே வேறு என்று நான் விளக்கத் தொடங்க, “அது எனக்குத் தெரியும் தம்பி, ஒங்க பெட்டிக்குத் தெரியுமான்னுதான் கேட்டேன்” என்றார்.

பெட்டிக்குத் தானாகத் தெரியாது. சொல்லிக்கொடுக்க வேண்டும். எடிட்டிங் என்று நாங்கள் சொல்வது அந்தச் சொல்லிக்கொடுத்தலைத்தான். இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். இது ஏதோ பட்டன் அமுக்கும் வேலை என்று பலர், வாசிக்கிறவர்களே கூட, நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் ஆரம்பப் புள்ளி. பதிவை முன்னால் வெட்டும் இடம். அடி முழுவதாகக் கேட்பதற்குச் சற்று முன், குச்சி தோலைத் தொடும் ஒரு நுண்ணிய உரசல் இருக்கிறது. அதை வெட்டிவிட்டால் அடி மொட்டையாகிவிடும்; யார் அடித்தார் என்ற அடையாளமும் அதோடு போய்விடும். விற்பனைத் தொகுப்புகளில் நான் கேட்ட பலவற்றில் இந்த உரசல் அறுபட்டுத்தான் இருக்கிறது. ஆனால் தாராளமாக இடம் விட்டாலும் ஆபத்து. முன்னால் 20 மில்லி செக்கன் வெறுமை இருந்தால் போதும், கை விழுவதற்கும் ஒலி வருவதற்கும் நடுவில் ஓர் இழுவை வந்துவிடும். கேட்பவருக்கு என்ன கோளாறு என்று தெரியாது. குழு தாளத்தில் பின்தங்குகிறது என்று மட்டும் தோன்றும். அலை பூச்சியக் கோட்டைக் கடக்கும் இடம் பார்த்து வெட்ட வேண்டும். தவறினால் ஒவ்வொரு அடிக்கும் ‘டிக்’ என்று ஒரு சொடுக்கு கேட்கும். முடிவுப் புள்ளிக்கும் இதே கவனம் வேண்டும். தோல் அடங்கும் வரை விட்டு, கடைசியில் மெல்ல மங்கவிட வேண்டும்.

பிறகு மட்டம். நோர்மலைஸ் என்று ஒரு வசதி இருக்கிறது. பதிவின் உச்சத்தை முழு அளவுக்கு உயர்த்திவிடும். எல்லாக் கோப்புக்கும் அதைப் போட்டுவிட்டால் மெதுவான அடியும் ஓங்கிய அடியும் ஒரே உயரத்தில் நிற்கும். பெரியவர் கையில் இருந்த ஏற்ற இறக்கம் ஒரு நொடியில் அழிந்துபோகும். நான் ஓங்கிய அடியை மட்டும் முழு அளவுக்கு ஏற்றி, மற்றவற்றை அவர் அடித்த அதே விகிதத்தில் வைத்திருக்கிறேன். அமுக்கமாகக் கேட்டால் கேட்கட்டும். மெதுவான அடி மெதுவாகத்தான் இருக்க வேண்டும்.

மூன்றாவது, மியூட் குரூப். ஒரு கட்டத்தைத் தட்டினால் இன்னொரு கட்டத்தின் ஒலி அறுந்துபோகும்படி இரண்டையும் ஒரே குழுவில் போடும் ஏற்பாடு இது. தப்பில் அமுக்கிய அடி விழுந்தால் அதற்கு முந்தைய திறந்த அடியின் அதிர்வு நின்றுவிட வேண்டும், ஒரே தோல்தானே. ஆகவே இரண்டும் ஒரே குழு. தவிலுக்கு இது பொருந்தாது. அதன் ஒரு முகமான வலந்தலையில் விரற்கூடு விழும்போது மறு முகமான தொப்பியின் முழக்கம் நின்றுவிடுவதில்லை; அது தன் பாட்டுக்கு அடங்கும். வலந்தலையையும் தொப்பியையும் ஒரே குழுவில் போட்டால் தவில் பாதித் தவிலாகிவிடும். இரவல் தொகுப்பை இறக்கி, அது வந்த செற்றிங்கோடு அப்படியே வாசிக்கும்போது இப்படிப்பட்ட கோளாறுகள் ஆயிரம் நடக்கின்றன. வாசிப்பவருக்கும் தெரிவதில்லை. தவிலடிக்கும் குடும்பத்தில் பிறந்தவர் ஒருவர் சபையில் இருந்தால் அவருக்கு மட்டும் முகம் சுளிக்கும்.

சுருதியைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட முடியாது. கருவியில் பிட்ச் என்றொரு எண் இருக்கிறது. தப்பு கொஞ்சம் தாழ்வாக இருக்கிறது என்றால் அதை மூன்று ஏற்றிவிடலாம், நொடியில் முடிந்துவிடும். அப்படி ஏற்றினால் பதிவு வேகமாக ஓடும், ஒலியின் நீளம் குறையும், தப்பு விளையாட்டுச் சாமானாகிவிடும். நான் அந்த எண்ணைத் தொடவில்லை. பெரியவரிடம் சொன்னேன், அவர் இன்னொரு காட்போட்டைக் கிழித்துப் போட்டுத் தப்பை மறுபடி காய்ச்சினார். காய்ந்த தோலின் உயர்ந்த சுருதியை அப்படியே பதிந்தோம். இப்போது எங்கள் பேட்டில் குளிர்ந்த தப்பு ஒரு கிற்றில், அதாவது ஓர் ஒலித் தொகுதியில், இருக்கிறது; சூடேறிய தப்பு இன்னொரு கிற்றில் இருக்கிறது. எந்த எண்ணை எப்படித் திருகினாலும் ஒன்றிலிருந்து மற்றது வராது.

இவ்வளவும் ஒலியைப் பற்றியது. இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது.

தப்பு சாவு வீட்டு மேளம் என்று நம் ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. உண்மையில் மலையகத்தில் அது திருவிழாவுக்கும், கூத்துக்கும், கல்யாணத்துக்கும், சாவுக்கும் எல்லாவற்றுக்கும் அடிக்கப்படும் வாத்தியம். பேச்சுக்குப் பின்னால் இருப்பது சாதி. அதை மூடி மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. கல்யாணமொன்றுக்கு அந்தப் பெரியவரையும் குழுவில் சேர்த்துக் கூட்டிவருகிறேன் என்று சொன்னபோது மண்டபக்காரர் ஒருவர் முகத்துக்கு நேரே சொன்னார்: “பேட்டில என்னெண்டாலும் அடியுங்கோ தம்பி. அந்த ஆளை மட்டும் கூட்டிக்கொண்டு வராதேங்கோ.” அந்தக் கல்யாண இரவில் குத்துப்பாட்டு வந்ததும் மாப்பிள்ளையின் மாமன்மாரில் தொடங்கி மண்டபம் முழுவதும் எழுந்து ஆடியது. எதற்கு ஆடினார்கள்? தப்புக்குத்தான். குச்சி தோலில் விழும் அதே ஒலிக்குத்தான். ஒலி ஏசி மண்டபத்துக்குள் வந்துவிட்டது. அடித்த கை வாசலுக்கு வெளியே நிற்கிறது. அந்தப் பிரிவினையைச் சாத்தியமாக்கிய கருவி என் கையில் இருக்கிறது. ஆகவே பேசவேண்டிய கடமையும் என்னுடையது.

2023இல், மலையக மக்கள் வந்து இருநூறு ஆண்டானதை ‘மலையகம் 200’ என்று ஊரெல்லாம் பேசினோம். தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்கள். கட்டுரைகள் வந்தன, கருத்தரங்குகள் நடந்தன. நல்லது. அந்த மக்கள் கடல் கடந்து வரும்போது கொண்டுவந்தவற்றில் தப்பும் ஒன்று. இருநூறு ஆண்டுக்குப் பிறகும் அதை அடிக்கிறவர் தன் பெயரைப் பத்திரிகையில் போடத் தயங்குகிறார். இந்தக் கட்டுரைக்காக அவரிடம் கேட்டேன். “மேடையில சொல்லுங்க, சந்தோசம். பேப்பர்ல வேணாம் தம்பி. சின்னவ கல்யாணம் முடியட்டும்.” அவர் கேட்டுக்கொண்டதால்தான் அவர் பெயரை இங்கே எழுதவில்லை. அப்படி ஒரு நிலைமையை அவருக்கு உண்டாக்கி வைத்திருப்பது நாம்தான்.

என்னிடம் படிக்கும் பிள்ளை ஒருவன் நேர்மையாகவே கேட்டான்: “சேர், சனம் ஆடுது. அது ஆற்றை அடியெண்டு ஆர் கேக்கப்போகினம்?” அவனுக்கு நான் சொன்ன பதிலையே இங்கும் சொல்கிறேன். சனத்துக்குக் காது இருக்கிறது. ஒரே அடியை இம்மி பிசகாமல் நூறு தடவை கேட்டால் அலுப்புத் தட்டுகிறது. ஏன் அலுக்கிறது என்று அவர்களால் சொல்ல முடியாது, அவ்வளவுதான். இசைக்குழுவுக்குக் கொடுக்கும் காசுக்கு டிஜே ஒருவரைப் பிடித்துவிடலாமே என்று கல்யாண வீட்டார் யோசிக்கத் தொடங்கியிருப்பது சும்மா இல்லை. டிஜேயிடம் இருக்கும் அதே ஒலிதான் எங்களிடமும் இருக்கிறது என்றால், ஏழு பேருக்கு எதற்குச் சம்பளம், சாப்பாடு, வான் வாடகை?

காசைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2020இல் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தது. 2022 மார்ச்சில் 200 ரூபாவாக இருந்த டொலர் இரண்டு மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. புதிய கருவி வாங்கும் நினைப்பையே பலர் விட்டுவிட்டோம். இருக்கும் பேட்டின் றப்பர் தேய்ந்தால் ஒட்டி வாசிக்கிறோம். ஆனால் ஒலியைப் பதிந்து திருத்துவதற்கு டொலர் வேண்டாம். கைபேசியின் மைக்கில் தொடங்கினாலும் பரவாயில்லை. ஒலி வெட்டும் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. வேண்டியது பொறுமை. இரவலாக வந்ததில் நேரத்தை மிச்சம் பிடித்து நாம் எதைச் சாதித்தோம்?

இன்னொரு தரப்பும் இருக்கிறது, அதைத்தான் நான் மதிக்கிறேன். பதிந்து வைத்துக்கொண்டால் பிறகு அந்த மனிதர் எதற்கு, நீங்களே அவர் பிழைப்பில் மண் போடுகிறீர்கள் என்று வாத்தியக்காரர்கள் சொல்கிறார்கள். இந்தப் பயத்துக்கு உலகத்தில் ஆதாரம் இருக்கிறது. 1969இல் வின்ஸ்டன்ஸ் என்ற அமெரிக்கக் குழு வெளியிட்ட ‘அமென், பிரதர்’ என்ற இசைத்தட்டில் கிரெகரி கோல்மன் ஏறக்குறைய ஏழு விநாடி தனியே டிரம்ஸ் அடித்தார். சாம்பிளர்கள் வந்த பிறகு அந்தத் துண்டு ஆயிரக்கணக்கான பாடல்களுக்குள் புகுந்தது. லண்டனின் ஜங்கிள் இசையின் பெரும்பகுதி அதன்மேல் எழுந்து நின்றது. கோல்மனுக்கு அதிலிருந்து ஒரு சதமும் வரவில்லை. 2006இல் அட்லாண்டாவில் வீடற்றவராக இறந்தார். ஜேம்ஸ் பிரவுனின் ‘ஃபங்கி டிரம்மர்’ பாடலுக்கு அடித்த கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட் கதையும் ஏறக்குறைய இதுதான்; அந்தப் பாடலை எழுதியவர்கள் பட்டியலில் அவர் பெயர் இல்லை, அவர் அடியோ உலகத்தின் பாதி ஹிப்ஹொப்பில் இருக்கிறது.

ஆனால் வேறொரு வழியும் இருக்கிறது என்பதற்கு எங்கள் வீட்டுப் பிள்ளை ஒருவரையே சொல்லலாம். மாயா எனும் மாதங்கி அருட்பிரகாசம், எம்ஐஏ என்று உலகம் அறிந்தவர், ரோலண்ட் எம்சி-505 என்ற ஒற்றைப் பெட்டியை வைத்துக்கொண்டு லண்டனில் பாட்டுக் கட்டத் தொடங்கியவர். 2007இல் வந்த ‘கலா’ தொகுப்புக்கு அவருக்கு உறுமி வேண்டியிருந்தது. யாரோ பதிந்து விற்ற உறுமி ஒலியைத் தேடி எடுக்காமல் சென்னைக்குப் போய் உறுமிக்காரர்களை இருத்தி அடிக்கவைத்துப் பதிந்தார். அந்தப் பாட்டுகளைக் கேட்டால் பெட்டிக்குள்ளிருந்து ஒரு கூட்டமே அடிப்பது தெரியும்.

சட்டமும் நமக்குச் சாதகமாகத்தான் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், நிகழ்த்துகின்ற கலைஞருக்குத் தன் நிகழ்த்துகையைப் பதிய அனுமதிக்கும் உரிமையையும் மறுக்கும் உரிமையையும் கொடுக்கிறது. தப்படிக்கிறவரும் கலைஞர்தான். அவரிடம் கேட்டு, ஒரு தாளில் எழுதி, கையெழுத்து வாங்கி, காசு கொடுத்துப் பதிவதற்கு எந்தத் தடையும் இல்லை. நம்மில் யாரும் செய்வதில்லை, அவ்வளவுதான். எங்கள் குழு செய்கிறது. பதிந்த அன்றே ஒரு தொகை. அவர் ஒலி உள்ள கிற்றை வாசிக்கும் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு தொகை. குழுவில் பங்கு பிரிக்கும்போது அவர் பங்கும் எடுத்து வைக்கப்படும். அவரே வரக்கூடிய நிகழ்ச்சிகளில் தப்புக் கட்டங்களை நான் தொடுவதில்லை. அவர் அடிப்பார், நான் மற்ற வாத்தியங்களைப் பார்த்துக்கொள்வேன். அவர் வருவதை மறுக்கும் மண்டபத்தில் தப்பு கிற்றும் இல்லை என்று இந்த வருடம் தொடங்கி முடிவெடுத்திருக்கிறோம். இரண்டு நிகழ்ச்சி கைவிட்டுப் போனது. போகட்டும்.

தனி ஆட்கள் செய்யக்கூடியது இவ்வளவு. இதைவிடப் பெரிதாகச் செய்யவேண்டியவர்கள் இருக்கிறார்கள். மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் பெயரில் ஒரு கலைப் பீடமே இருக்கிறது. அழிந்துபோன யாழின் நரம்புகளுக்கு உரிய சுருதிகளைக் கணக்குப்போட்டுத் தேடி, அந்தத் தேடலை 1947இல் யாழ் நூலாக வெளியிட்டவர் விபுலானந்தர். கையில் இல்லாத வாத்தியத்துக்கே அவ்வளவு பாடுபட்டார். இங்கே வாத்தியமும் இருக்கிறது, அடிக்கும் கையும் இருக்கிறது, பதியும் கருவி ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கிறது. நாட்டிலுள்ள தமிழ்த் தாளவாத்தியங்களை ஒவ்வொன்றாக, ஒவ்வொரு அடியாக, அடித்தவர் பெயர், ஊர், பதிந்த நாள், தோல் எந்த நிலையில் இருந்தது என்ற விவரத்தோடு பதிந்து ஓர் ஒலிக் களஞ்சியம் உண்டாக்குவதற்கு இந்த நிறுவனங்களைவிடப் பொருத்தமான இடம் எது? மட்டக்களப்பு மத்தளத்துக்கும், வன்னியின் பறைக்கும், யாழ்ப்பாணத் தவிலுக்கும் ஓர் இடம் கிடைக்கும். மாணவருக்கு ஆய்வு கிடைக்கும், வாத்தியக்காரருக்கு வருமானம் கிடைக்கும், எங்களைப் போன்றவர்களுக்கு இரவல் ஒழியும். வானொலியிலும் ஒரு காலத்தில் இந்த வேலையின் ஒரு பகுதி நடந்தது. எழுபதுகளில் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கலையகத்தில் ஈழத்து மெல்லிசைப் பாடல்களுக்கு நம்மூர் வாத்தியக்காரர்கள்தான் வாசித்தார்கள். 

வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் சங்கீதம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பேட் படிக்க வரும் பிள்ளைக்கு முதல் மாதத்திலேயே ஒரு மைக்கைக் கொடுங்கள். தன் வீட்டுக் கதவையோ கிடாரத்தையோ பதிந்து, ஆரம்பப் புள்ளியைத் தேடி வெட்டி, கட்டத்தில் வைத்துத் தட்டட்டும். தானே வெட்டிய ஒலியைத் தட்டும் பிள்ளையின் கை வேறு மாதிரி விழுகிறது. என் வகுப்பில் அதைப் பார்க்கிறேன். காது திறந்துவிட்ட பிள்ளை பிறகு இரவல் ஒலியை இரண்டு அடியில் கண்டுபிடித்துவிடும்.

எங்கள் குழு பதிந்த தப்புத் தொகுப்பு கேட்கிற எந்த இசைக்குழுவுக்கும் கொடுக்கப்படும். குளிர்ந்த கிற், சூடேறிய கிற் இரண்டும், மியூட் குரூப் உட்பட எல்லாச் செற்றிங்குகளும் சேர்த்து. நிபந்தனை மூன்று. கோப்பின் பெயரில் அடித்தவர் பெயர் இருக்கிறது, அதை மாற்றக் கூடாது. மேடையில் குழுவினரை அறிமுகப்படுத்தும்போது பாடகருக்கும் கீபோட் வாசிப்பவருக்கும் சொல்வதுபோல அவர் பெயரையும் சொல்ல வேண்டும். நிகழ்ச்சிக்கான தொகையை என்னிடம் தரவேண்டாம். ஜம்பட்டா வீதிக்குப் போய் அவர் கையிலேயே கொடுங்கள். போகும்போது நேரம் எடுத்துக்கொண்டு போங்கள். காமன் கூத்தின் அடிகளில் இன்னும் பதியாதவை நிறைய இருப்பதாகச் சொல்கிறார்.